ஆட்டுக்குட்டி விழுந்த இடம்

"உனக்கெதுக்கு அம்மிணி டிக்கெட்டு, நம்ம எடத்துக்கு நீயே காசு குடுத்து வருவியா" என்று அண்ணி சீட்டைக் கிழிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள், நான் நோட்டை நீட்டியபடி நிற்கிறேன், பின்னால் நிற்கும் திருப்பூர்க்காரர்கள் என்ன தாமதம் என்று எட்டிப் பார்க்கிறார்கள். நம்ம எடம். அம்மா செத்த பிறகு நாலு வருஷத்தில் ஒரு பொங்கலுக்குக்கூட வா என்று கூப்பிடாத எடம். கிழிங்கண்ணி, எல்லாரையும் மாதிரி நானும் பாக்கத்தான் வந்திருக்கேன் என்கிறேன், என் குரல் வார்டில் சொல்பேச்சுக் கேட்காத நோயாளியிடம் பேசும் குரலாக இருக்கிறது, முப்பது வருஷம் நர்ஸாக இருந்தால் கோபம்கூட அந்தக் குரலில்தான் வருகிறது. அண்ணி கிழித்துக் கொடுக்கிறாள். அவளுக்குப் பின்னால், எலுமிச்சம்பழக் கூடைக்கும் சோடா பெட்டிக்கும் நடுவில், சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார்கள் அந்தக் கல்லை. புதுக் கருங்கல், மேலே ஒரு பழைய வேட்டியைப் போர்த்தியிருக்கிறார்கள். வேட்டி பாதி நழுவிக் கிடக்கிறது, எனக்கு வாசிக்கத் தேவையில்லை, அண்ணன் மகள் கவிநயா போன வாரமே போட்டோ எடுத்து அனுப்பிவிட்டாள், அத்தை பாருங்க அப்பா பேரு கல்லுல என்று எழுதி நாலு கைதட்டலும் போட்டு. 'இக்குகையை 1982ஆம் ஆண்டு, தவறி விழுந்த ஆட்டுக்குட்டியைத் தேடி இறங்கிய பதின்மூன்று வயதுச் சிறுவன் திரு. பெ. சென்னியப்பன் கண்டறிந்தார்.' பதின்மூன்று வயதுப் பையனுக்குத் திரு. டவுசரின் பின்பக்கம் கிழிந்து தொங்கிய பையனுக்குத் திரு. நாளைக்குத் திங்கட்கிழமை யாரோ ஒரு அதிகாரி வந்து அந்த வேட்டியை எடுத்துவிட்டுக் கைதட்டப் போகிறார், அதற்குப் பிறகு அது கல்லில் இருக்கும், மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் இருக்கும், நான் செத்த பிறகும் இருக்கும். அதனால்தான் இன்றைக்கு வந்தேன். கரூரிலிருந்து மூன்று பஸ் மாறி வந்தேன். அந்த ஆட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் என்னைப் போடு என்று சொல்ல வந்தேன், ஏனென்றால் ஆடு எதுவும் விழவில்லை, விழுந்தது நான்.

போனில் சொல்லிப் பார்த்தேன். சொல்லாமல் இல்லை. போட்டோ வந்த அன்றைக்கே அண்ணனைக் கூப்பிட்டேன், அதெல்லாம் இப்ப எதுக்கு பாப்பா, சனங்களுக்கு ஆட்டுக் கதைதான் புடிக்குது என்றான். புடிக்குதாம். இதோ குகை வாசலில் நிற்கிறான், காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், கையில் நீளமான டார்ச், தலை முழுக்க நரைத்துவிட்டது, சாயம் பூசிய மீசை மட்டும் கறுப்பாக இருக்கிறது. என்னைப் பார்த்ததும் டார்ச்சை இன்னொரு கைக்கு மாற்றுகிறான். "வா பாப்பா. மாப்ள வல்லியா" என்கிறான். வல்ல என்கிறேன். "காப்பி குடிச்சியா" என்கிறான், பதிலுக்குக் காத்திராமல் திருப்பூர்க்காரர்கள் பக்கம் திரும்பி விசிலை ஊதுகிறான். மொத்தம் பதினாறு பேர் இருக்கிறோம். பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் ஒன்பது பேர், அவர்களோடு ஒரு சூப்பர்வைசர், புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி, கைத்தடியோடு ஒரு பெரியவர், அவருடைய மகன், மருமகள். "தலைய குனிஞ்சு வாங்க, கைப்புடிய உடாதீங்க, மொத்தம் நாப்பத்திரண்டு படி, வழுக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறான். நாற்பத்திரண்டு படி. அப்போது இந்தப் படி எங்கே இருந்தது? இந்த வாசல் எங்கே இருந்தது? என் கல்யாணம் முடிந்த மறு வருஷம் வெடி வைத்து உடைத்த வாசல் இது, அதற்கு முன்னால் இங்கே வெறும் பாறை, பாறை மேல் மிளகு காய வைப்போம். இந்த வழியாக 82இல் இறங்கினானாம். பாறைக்குள் புகுந்து வந்திருப்பான் போல. இருபத்தைந்து வருஷமாகத் தினம் எட்டு முறை சொல்கிறான், ஒருத்தர்கூட இந்தப் படி எப்போது கட்டியது என்று கேட்கவில்லை, சனங்கள் டிக்கெட் வாங்கிவிட்டால் காதில் பூவை அவர்களே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

படி ஏழு, எட்டு. காற்று மாறுகிறது. அதே காற்று. ஈரச் சுண்ணாம்பு வாசனையும் அதற்கடியில் இரும்பு வாசனை போல ஒன்றும். என் வலது கால் அடுத்த படியில் இறங்க மறுக்கிறது, பின்னால் வரும் பனியன் கம்பெனிப் பெண் "அக்கா, கை குடுங்க" என்கிறாள், நான் கொடுக்கிறேன், என் கை ஈரமாக இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். இந்தக் காற்றுதான் முதலில் வந்தது. மேலே, பலா மரத்துக்குக் கீழே ஒரு பாறை இடுக்கு இருந்தது, அதில் முகத்தை வைத்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்று அடிக்கும். அண்ணன்தான் கண்டுபிடித்தான், இதை நான் மறுக்கவே இல்லை, அந்த இடுக்கைக் கண்டுபிடித்தது அவன்தான், உள்ளே புதையல் இருக்கிறது என்று முடிவு செய்ததும் அவன்தான். ஆனால் அவன் தோள் நுழையவில்லை. ரெண்டு நாள் கடப்பாரை வைத்து நோண்டிப் பார்த்தான், நுழையவில்லை. அப்புறம் என்னைப் பார்த்தான். நீ எறங்குனா பாதி உனக்கு என்றான். எனக்கு ஒன்பது வயசு, பாதி என்றால் என்னவென்றுகூடக் கேட்கவில்லை, அண்ணன் என்னை விளையாட்டில் சேர்த்துக்கொண்டான் என்பதே பெரிசாக இருந்தது. கிணற்றுக் கயிற்றை இடுப்பில் கட்டினான். கட்டத் தெரியாமல் கட்டினான். காலை முதலில் விட்டு இறங்கினேன், பாவாடை பாறையில் மாட்டிச் சுருண்டு மூஞ்சியை மூடிக்கொண்டது, அது மூடியிருக்கும்போதே முடிச்சு அவிழ்ந்தது. எவ்வளவு ஆழம் விழுந்தேன் என்று தெரியாது. மணல் மாதிரி ஒன்றில் விழுந்தேன். மேலே பார்த்தேன், ஒரு சின்ன வெளிச்சம் இருந்தது, அண்ணன் தலை அதை மறைத்தது, அப்புறம் தலை போய்விட்டது. அப்புறம் அவன் பயத்தில் அந்த இடுக்கைப் பலா இலையும் சாக்கும் போட்டு மூடிவிட்டான். அது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம் இல்லாமல் போனது மட்டும்தான்.

"இதப் பாருங்க, இது யானத் துதிக்க, இது வெண்சாமரம், இந்தப் பக்கம் மூணு இருக்குதுங்களா, இது மும்மூர்த்தி" என்று டார்ச்சை ஆட்டுகிறான், எல்லோரும் ஆமா ஆமா என்று படம் எடுக்கிறார்கள். "இந்தச் சுண்ணாம்புக் கல்லு ஒரு வெரக்கட, ஒரு வெரல் அகலம், வளர நூறு வருசமாகுமுங்க, தொடாதீங்க, உங்க கையில இருக்கற எண்ண பட்டா அத்தோட வளராம நின்னுரும்." தொடாதீங்க. நான் தொட்டேன். இருட்டில் கையை நீட்டித் தவழ்ந்தபோது ஈரமாக, வழுவழுவென்று ஒன்று தட்டுப்பட்டது, யாரோ நிற்கிறார்கள் என்று நினைத்துக் கத்தினேன், அது நகரவில்லை, அப்புறம் அதையே கட்டிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? நின்றால் எங்கே விழுவேன் என்று தெரியவில்லை. கட்டிக்கொண்டு அண்ணா அண்ணா என்று கூப்பிட்டேன், தொண்டை கட்டும் வரை கூப்பிட்டேன், அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டேன், அப்புறம் யாரையும் கூப்பிடவில்லை. ஆறு மணி நேரம். பொழுது உச்சிக்கு வருகிறபோது இறங்கினேன், பொழுது சாய்கிறபோது எடுத்தார்கள். சாயங்காலம் பாப்பா எங்கடா என்று அப்பா அறைந்த பிறகுதான் சொன்னானாம். அதுவரை காப்பிக்கொட்டை கிடங்கில் சாக்கு மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தானாம். மத்தியானம் சாப்பாட்டுக்குக்கூட வந்தானாம். வந்து சாப்பிட்டுவிட்டுப் போனானாம். இதை அம்மாதான் ஒரு தடவை சொன்னாள், ஏதோ சிரிப்பான விஷயம் மாதிரி, பயத்துல கொழம்பே ஊத்தாம வெறுஞ்சோத்தத் தின்னுட்டுப் போயிருக்கறான் பாரு என்று. குழம்பு ஊற்றிக்கொள்ளாதது பெரிய தியாகம்.

ஆனால் ஆடு அம்மாவுடைய வேலை. அம்மாவை விட்டுவிட்டு அண்ணன் மேல் மட்டும் பாய்ந்தால் அது நியாயம் இல்லை, எனக்கு நியாயம் வேண்டியிருக்கிறது, அதனால் அம்மாவையும் சேர்த்துத்தான் திட்ட வேண்டும். அப்பாவும் ரெண்டு வேலையாட்களும் பாறையை உடைத்து என்னை மேலே எடுத்தபோது ஊரில் பாதிப் பேர் பந்தத்தைப் பார்த்துவிட்டார்கள், என்ன என்ன என்று மேட்டில் ஏறி வந்துவிட்டார்கள். அம்மா என்னைச் சேலைக்குள் சுருட்டி வீட்டுக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்து ஆட்டுக்குட்டி உழுந்துருச்சு என்றாளாம். அந்த நேரத்தில் எப்படித்தான் தோன்றியதோ. பொட்டப்புள்ள ஒரு பகல் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்தாள் என்றால் முனி அடித்த பெண் என்று பேராகிவிடும், அந்தப் பேரோடு எவன் கட்டுவான், அதுதான் அம்மாவின் பயம். என்னிடம் மூன்று நாளைக்குப் பேச்சே இல்லை, அது அம்மாவுக்கு வசதியாகப் போயிற்று. பேச்சு வந்ததும், வாயத் தொறந்தா தோல உரிச்சுருவேன் என்றாள். என்னை எடுத்த மறுநாள் காலையிலேயே ஊரார் ஆட்டைப் பார்க்க வந்தார்கள். வருவார்கள் அல்லவா? பட்டியில் இருந்ததிலேயே நல்ல குட்டியாகப் பிடித்து, சும்மா துள்ளிக்கொண்டிருந்த குட்டியை, பின்னங்காலில் மூங்கில் பட்டையும் துணியும் வைத்துக் கட்டி, முற்றத்தில் படுக்க வைத்தாள். எல்லோரும் அதற்கு உச்சுக் கொட்டினார்கள். மஞ்சள் அரைத்துப் பூசச் சொன்னார்கள். ஒரு கிழவி முருங்கைக் கீரை கொண்டுவந்து ஊட்டினாள். உள்ளே எனக்கு முழங்கை முழுக்கத் தோல் உரிந்து கிடந்தது, அதற்கு மருந்து போட்டால் வாசனையில் யாருக்காவது தெரிந்துவிடும் என்று அம்மா வெறும் தேங்காய் எண்ணெய் தடவினாள். அந்த ஆடு கட்டுப் போட்ட காலோடு ரெண்டு வாரம் நொண்டியது, ஒன்றுமில்லாத காலில் கட்டுப் போட்டால் நொண்டத்தானே செய்யும். ஆடி நோம்பிக்கு வெட்டினார்கள். அந்தக் கறியை நானும் தின்றேன். நன்றாக இருந்தது.

சரி, அம்மா பயந்தாள். என் நல்லதுக்குத்தான் செய்தாள். எனக்கும் கல்யாணம் ஆயிற்று, முனி அடிக்காத பெண்ணாகக் கட்டிக்கொடுத்தார்கள், ரெண்டு பிள்ளை பெற்றேன், எல்லாம் ஆயிற்று. அத்தோடு ஆட்டை விட்டிருக்கலாம் அல்லவா? கல்யாணம் முடிந்து விருந்துக்கு வந்தபோது சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு அண்ணன் என் வீட்டுக்காரரிடம், வாங்க மாப்ள ஒரு அதிசயத்தக் காட்டறேன் என்று ஆரம்பித்தான், எனக்குப் பதிமூணு வயசு, ஒரு ஆட்டுக்குட்டி உழுந்துருச்சு, நான் துணிஞ்சு எறங்குனேன் என்றான். என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் சிரித்தேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது, அவன் சொன்னதைவிட நான் சிரித்தது. பெட்ரோமாக்ஸ் எடுத்துக்கொண்டு ரெண்டு பேரும் அப்பா உடைத்த இடுக்கு வழியாக உள்ளே போனார்கள், எனக்கு மயக்கமா இருக்கு என்று நான் மேலேயே உட்கார்ந்துகொண்டேன், அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணியும் அம்மாவும் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். என் வீட்டுக்காரருக்கு இன்றுவரை தெரியாது. ஏன் இவளுக்கு லைட்டை அணைத்தால் தூக்கம் வராது என்று தெரியாது, பாத்ரூம் லைட் இரவெல்லாம் எரிகிறது என்று கரண்ட் பில் வரும்போதெல்லாம் முணுமுணுப்பார், கரண்ட் போய்விட்டால் நான் எழுந்து வாசலுக்கு ஓடுவதைப் பிள்ளைகளிடம் சொல்லி, உங்கம்மா பேயப் பாத்து ஓடறா பாரு என்று சிரிப்பார். ஆஸ்பத்திரியில் இவ்வளவு தைரியமான சிஸ்டர் என்பார்கள், பிரசவ வார்டில் ரத்தத்தைப் பார்த்து நான் ஒரு நாளும் அசந்ததில்லை. ஜெனரேட்டர் ஓடத் தாமதமானால் மட்டும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், யாருக்கும் தெரியாது, இருட்டு அல்லவா, யாருக்குத் தெரியும். ஐம்பத்தொரு வயசாகிறது.

படி முடிந்துவிட்டது. கூடம் பெரிசாக இருக்கிறது. இவ்வளவு பெரிசா? எனக்கு என் கைக்கு எட்டியதுதான் குகை, இத்தனை வருஷமும் அதை ஒரு அலமாரி அளவுக்குத்தான் நினைத்து வைத்திருந்தேன். பச்சை லைட்டும் சிவப்பு லைட்டும் போட்டிருக்கிறார்கள், திருவிழாப் பந்தல் மாதிரி. நடுவில் கம்பி வேலி போட்டு, வேலிக்குள் ஒரு தூண், என் தோள் உயரம், மேலிருந்து கீழாகச் சடை சடையாகப் பிரிந்து இறங்குகிறது. 'சிவன் சடை, தொடாதீர்கள்.' எனக்குத் தெரிந்துவிடுகிறது. கண்ணுக்கு இல்லை, கண் இதைப் பார்த்ததே இல்லை, என் நெஞ்சுக்கும் கைக்கும் தெரிகிறது, வலது கையை அந்த ரெண்டு சடைக்கு நடுவில் செருகியிருந்தேன், அங்கே ஒரு பள்ளம் இருக்கும், இருக்கிறது. இதற்கு வேலி போட்டிருக்கிறான். நான் கட்டிக்கொண்டு கிடந்த தூணுக்கு வேலி போட்டு நான் தொடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறான். அண்ணன் வேலிக்குப் பக்கத்தில் போய் நின்று குரலைத் தாழ்த்துகிறான், இதுதான் அவனுடைய முக்கியமான இடம் என்று தெரிகிறது, "இங்கதானுங்க அந்த ஆட்டுக்குட்டி உழுந்து கெடந்துச்சு" என்கிறான். என் பக்கம் பார்க்கவே இல்லை. "கால் ஒடிஞ்சு போச்சு. நான் அந்த வழியா எறங்கி வந்து, தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போனேன்." அவன் கை படியைக் காட்டுகிறது. எனக்குக் கை கொடுத்த பெண் "ஐயோ பாவம், எப்படிக் கத்துச்சோ" என்கிறாள். அவன் தலையை ஆட்டுகிறான். "கத்துச்சுங்க. மேல பாறையில காத வெச்சுட்டுப் படுத்திருந்தேன். கத்திக்கிட்டே இருந்துச்சு. அந்தச் சத்தம் இன்னைக்கும் என் காதுல கேக்குதுங்க."

பாறையில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தானா? கிடங்கில் இல்லையா? இத்தனை நாளும் நான் நினைத்தது அவன் ஓடிப்போனான், ஓடிப்போனவனுக்கு என் குரல் கேட்டிருக்காது, கேட்டிருந்தால் வந்திருப்பான் என்று. எனக்கு நானே சொல்லி வைத்திருந்த ஒரே சமாதானம் அதுதான். இது ஜோடனையா? சனங்களுக்குப் பிடிக்க வேண்டும் என்று சேர்த்துக்கொண்டதா? இல்லை, ஜோடிக்கும்போது அவன் கையை ஆட்டுவான், இப்போது கை சும்மா தொங்குகிறது. கேட்டிருக்கிறது. நான் அண்ணா என்று கூப்பிட்டது ஒவ்வொன்றும் கேட்டிருக்கிறது. கேட்டுவிட்டு, மத்தியானம் எழுந்து போய்ச் சோறு தின்றுவிட்டு, திரும்பி வந்து மறுபடியும் காதை வைத்திருக்கிறான். "இப்ப ஒரு நிமிசம் லைட்ட அணைக்கப் போறேனுங்க" என்கிறான் அண்ணன், "போனெல்லாம் உள்ள வெச்சுருங்க. நெசமான இருட்டுன்னா என்னான்னு நீங்க பாத்திருக்க மாட்டீங்க. யாரும் பேசாதீங்க." எல்லோரும் சந்தோஷமாகச் சிரிக்கிறார்கள். புதுப்பெண் புருஷன் தோளைப் பிடித்துக்கொள்கிறாள். இதையும் விற்கிறான். என் இருட்டை நிமிஷக் கணக்கில் நறுக்கி விற்கிறான். ஓடிவிடு என்கிறது கால், நாற்பத்திரண்டு படி, ஏறிவிடலாம். அவன் கை சுவரில் இருக்கும் சுவிட்சுக்குப் போகிறது.

இருட்டு. அதே இருட்டு, ஒரு பொட்டும் மாறவில்லை. சொட்டு விழுகிறது. என் கை தானாக நீண்டு வேலிக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறது, இப்போது கத்தப் போகிறேன், ஒன்பது வயசுக் குரலில் கத்தப் போகிறேன், கத்தினால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன், ஆனால் வாயைத் திறந்தால் வந்தது கத்தல் இல்லை.

"கேட்டுச்சுன்னா ஏன் ஒரு கொரல் குடுக்கல?"

கைத்தடிப் பெரியவர் இருட்டில் எங்கிருந்தோ சிரிக்கிறார். "ஆட்டுக்கு என்னம்மா கொரல் குடுக்கறது."

"ஆடு இல்லீங்க" என்கிறேன். "சொல்லுண்ணா. கேட்டுச்சல்ல. இங்கதான் இருக்கேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். ஏன் சொல்லல?"

ஒரு நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது, அவன் லைட்டைப் போடவில்லை. அவன் மூச்சு விடுவது கேட்கிறது, பத்தடி தூரம் இருக்கும்.

"பயந்துட்டேன் பாப்பா" என்கிறான். "பேசுனா நாந்தான்னு தெரிஞ்சு போயிருமுன்னு பயந்துட்டேன்."

யாருக்குத் தெரிந்துபோகும்? குகைக்குள் நான் ஒருத்திதான் இருந்தேன். எனக்குத் தெரியாதா? இதே இருட்டுக்குள் என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு, லைட்டைப் போட்டதும் அடுத்த கூடத்துக்கு நடந்துவிடுவான், நாளைக்கு வேட்டியை எடுத்துவிட்டுக் கைதட்டுவார்கள். எனக்கு அவனை நன்றாகத் தெரியும்.

"லைட்டப் போடு" என்கிறேன். "போட்டுட்டு அவங்ககிட்ட சொல்லு."

சுவிட்ச் சத்தம். கண் கூசுகிறது. பதினைந்து பேரும் என்னைப் பார்க்கிறார்கள், அப்புறம் அவனைப் பார்க்கிறார்கள். அண்ணன் விசிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். யானைத் துதிக்கையையும் வெண்சாமரத்தையும் சொன்ன அதே குரலில், அவனுக்கு வேறு குரல் வரவில்லை போல, ஆரம்பிக்கிறான்.

"ஆடு இல்லீங்க. என்ற தங்கச்சி. இவங்கதானுங்க, பேரு துளசிமணி. அப்ப ஒம்பது வயசு. மேல ஒரு எடுக்கு இருந்துச்சுங்க, நாந்தான் கயித்துல கட்டி எறக்குனேன். முடிச்சு அவுந்து போச்சு. நான் யாருகிட்டயும் சொல்லல. கல்லுல எழுதியிருக்கறது தப்புங்க, மாத்தணும்."

எனக்குக் கை கொடுத்த பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறாள். அவனைப் பார்த்துக் கேட்கிறாள். "எத்தன நேரம் உள்ள இருந்தாங்க?"

"ஒரு ரெண்டு மணி நேரம் இருக்குமுங்க" என்கிறான் அண்ணன்.

"ஆறு" என்கிறேன்.